தடித்த ஸ்லாப் செரிஃப்: காலுக்கு இடம் விடுங்கள்

ராக்வெல் எழுத்துருவில் ஆங்கில எச் ஒன்றைப் பெரிதாக அடித்துப் பாருங்கள். தண்டின் மேலும் கீழும் செங்கல் வைத்த மாதிரி ஒரு பட்டை நிற்கும். எழுத்தின் முனையில் வரும் பட்டைக்குச் செரிஃப் என்று பெயர், இப்படித் தடித்து நின்றால் அதுதான் ஸ்லாப். நான் அதைக் கால் என்றுதான் சொல்வேன். டைம்ஸ் போன்ற எழுத்துகளில் கால் கூர்மையாக மெலிந்து முடியும். இதில் தண்டு எவ்வளவு கனமோ, கிட்டத்தட்ட அவ்வளவு கனம் காலுக்கும்.

போல்டுக்கு, அதாவது தடித்த வடிவத்துக்குப் போனால் தண்டும் தடிக்கும், காலும் தடிக்கும். இடம் எங்கிருந்து வரும்? எழுத்தின் வயிற்றிலிருந்துதான், அதாவது உள்ளே இருக்கும் வெற்றிடத்திலிருந்து. இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு சிறுபுத்தகத்தின் பின்னட்டையில் தொலைபேசி எண்ணை 7 பாயின்ட் போல்டு ஸ்லாபில் வைத்தேன். திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. சொரசொரப்பான தாளில் அச்சாகி வந்ததும் 6, 8, 9 மூன்றின் வயிற்றிலும் மை அடைத்திருந்தது. அதிலிருந்து 14 பாயின்டுக்குக் கீழே இதன் போல்டைத் தொடுவதில்லை. இது என் கணக்கு. வழவழப்பான தாளில் கொஞ்சம் இறங்கலாம்.

தலைப்புக்கு வைக்கும்போது இடைவெளியை இறுக்காதீர்கள். தலைப்பு என்றாலே டிராக்கிங்கை, அதாவது எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் குறைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கால் இல்லாத சான்ஸ் எழுத்துகளுக்கு அது சரி. இங்கே ஐ, எல், எல் என்று மூன்று எழுத்து அடுத்தடுத்து வந்தால் கால்கள் ஒட்டி, அடியில் ஒரே தண்டவாளமாகிவிடும். சின்ன r-உம் n-உம் சேர்ந்தால் m ஆகிவிடும். நான் டிராக்கிங்கைப் பூஜ்யத்தில் தொடங்கி 10, 15 என்று கூட்டிப் பார்ப்பேன். வரி இடைவெளி 40 பாயின்டுக்கு 44 போதும்.

எந்த ஸ்லாப் என்பதும் முக்கியம். 1934-இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ராக்வெல்லில் தண்டும் காலும் செங்குத்தாக முட்டும். வட்டமும் கோடுமாக, கொஞ்சம் விறைப்பு. கிளாரெண்டன் 1845-இல் லண்டனில் வந்தது. அதில் தண்டு வளைந்து காலில் இறங்கும், அதனால் முகம் கனிவாக இருக்கும். சாதாரண எழுத்துக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டத்தான் அதை உருவாக்கினார்கள். அகராதியில் தலைச்சொல் தடித்து நிற்குமே, அந்த வேலை. உறுதி, எச்சரிக்கை என்றால் ராக்வெல், அழைப்பு என்றால் கிளாரெண்டன் எடுப்பேன். (இந்த வகைக்கு எகிப்தியன் என்றும் பெயர். எகிப்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தப் பெயர் வந்தபோது ஐரோப்பாவில் எகிப்து மோகம், அவ்வளவுதான். அப்புறம் மெம்ஃபிஸ், கெய்ரோ, கர்னாக் என்று ஸ்லாப்களுக்கு வரிசையாகப் பெயர் வைத்துவிட்டார்கள்.)

பக்கத்தில் வைக்கும் எழுத்து அமைதியாக இருக்கட்டும்: மெல்லிய சான்ஸ், இல்லையென்றால் சாதுவான புத்தக எழுத்து. இன்னொரு ஸ்லாப் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கத்தில் போல்டு ஸ்லாப் ஒரே இடத்தில், நாலைந்து சொல்லுக்கு மேல் போகாமல்.

முடித்ததும் நிஜ அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்கேயாவது கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் அந்த இரண்டு எழுத்தை மட்டும் கெர்னிங்கில் (இரு எழுத்துக்கு இடையே மட்டும் இடைவெளி மாற்றும் வசதி) கையால் விலக்குங்கள். தலைப்பு முழுக்கவே திட்டாகத் தெரிந்தால், போல்டை விட்டு, அதைவிடக் கனம் குறைந்த மீடியத்துக்கு இறங்கிவிடுங்கள்.