ஸ்காட்ச் விஸ்கி செய்யக் கத்துக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஸ்காட்லாந்துல சில டிஸ்டில்லரிங்க வெளியாளுங்களை உள்ள விட்டு, கூடவே வேலை செய்ய வெச்சு விஸ்கி எப்படி செய்றாங்கன்னு கத்துக் குடுக்குறாங்க. இதுல ரொம்பப் பேர் வாங்கினது கேம்பல்டவுன் ஊர்ல ஸ்பிரிங்பேங்க் நடத்துற விஸ்கி ஸ்கூல், திங்கள்ல ஆரம்பிச்சு வெள்ளி வரைக்கும் அஞ்சு நாள். 1828-லேர்ந்து இருக்கிற டிஸ்டில்லரி அது, பார்லியை முளைகட்டுறதுலேர்ந்து பாட்டில்ல அடைக்கிற வரைக்கும் எல்லாமே ஒரே இடத்துல நடக்கும், அதனால முழுசா கத்துக்கணும்னா அதைத்தான் முதல்ல சொல்லுவேன். நான் போனது அங்க இல்ல, வேற ஒரு சின்ன டிஸ்டில்லரி, ஆனா அங்கயும் தரையில போட்டுத்தான் பார்லி முளைகட்டினாங்க. கூட வந்தவங்க பண்ணின தப்பு, நான் பண்ணின தப்பு எல்லாத்தையும் இங்க எழுதுறேன், நல்ல காசு செலவு பண்ணி அவ்ளோ தூரம் போறவங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்.

நிறைய பேர் பண்ற தப்பு இதை டூர் மாதிரி நினைச்சுக்கிட்டுப் போறது. டூர்னா ஒரு மணி நேரம் சுத்திக் காட்டி, கடைசியில ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்து அனுப்பிடுவாங்க. கோர்ஸ்ல உங்க கையில ஷவல் குடுப்பாங்க. வந்த எல்லாருக்கும் கண்ணு ஸ்டில் மேலதான், அதாவது வடிக்கிற அந்த பெரிய செம்புப் பாத்திரம், அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கணும், அது எப்ப வரும் எப்ப வரும்னு முதல் ரெண்டு நாளை சும்மா ஒப்பேத்திடுவாங்க. இருக்கிறதுலயே பெரிய தப்பு இதுதான். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? ஸ்டில் புதுசா ருசியை நிறைய உண்டாக்கிடாது, பெரும்பாலும் வந்து சேர்ந்ததுல எதை வெச்சுக்கணும், எதைத் தள்ளணும்னு பிரிக்கிற வேலைதான் அங்க. அந்த ருசிக்கான வேலை முளைகட்டுற தரையிலயும் புளிக்க வைக்கிற தொட்டியிலயும் நடந்து முடிஞ்சிருக்கும்.

முளைகட்டுற தரையைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்றேன். பார்லியை ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊறப்போட்டு, நடுவுல தண்ணியை வடிச்சு காத்து பட விட்டு, ஈரம் ஏறக்குறைய 45 சதவீதம் வந்ததும் சிமெண்ட் தரையில பரப்பிடுவாங்க. அங்க ஒரு வாரம் போல இருக்கும். முளைவிடுற தானியம் சூடாகும், கையை உள்ள விட்டா வெதுவெதுன்னு தெரியும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ராத்திரி பகல்னு பார்க்காம கிளறி விட்டுட்டே இருக்கணும், இல்லன்னா வேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிப் பாய் மாதிரி ஆயிடும், சூடு ஏறி எல்லாம் கெட்டுப்போகும். புதுசா போறவங்க ஆர்வத்துல முதுகை வளைச்சு நிறைய அள்ளி வீசுவாங்க, பத்தாவது நிமிஷத்துல இடுப்பு போயிடும். கொஞ்சமா எடுத்து, மணிக்கட்டைத் திருப்பி, மெல்லிசா விசிறிப் போடணும், களத்துல நெல் காயப்போட்டுப் பழகினவங்களுக்கு அந்தக் கை தானா வரும். வருஷக் கணக்கா இதே வேலை செஞ்ச பழைய ஆளுங்களுக்கு ஒரு பக்கத் தோள் தொங்கிப் போயிடுமாம், அதுக்கு மங்கி ஷோல்டர்னே பேர் வெச்சிருந்தாங்க.

இங்க நான் பண்ணின தப்பு ஒண்ணு. நம்ம வீட்டுல பச்சைப்பயறு முளைகட்டினா வெள்ளையா வால் மாதிரி வெளிய வந்ததும் ஆச்சுன்னு எடுத்துடுவோம் இல்ல, அதே கண்ணோட பார்லியைப் பார்த்து, வால் வந்துடுச்சே இன்னும் ஏன் வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். அங்க இருந்த பெரியவர் பதில் சொல்லல, ஒரு மணியை எடுத்து உமியை நகத்தால உரிச்சுக் காட்டினார். வெளிய தெரியறது வேர். நிஜமான முளை உமிக்கு அடியில, மணியோட முதுகுப் பக்கமா ஒளிஞ்சு வளருது, அது மணியோட நீளத்துல முக்கால் பாகம் வந்தாத்தான் சரியான பதம். அப்புறம் அந்த மணியை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவுல வெச்சுத் தேய்ச்சார், சாக்பீஸ் தேய்ச்ச மாதிரி வெள்ளையா மாவு ஒட்டிச்சு. இன்னொரு மணியை என்கிட்ட குடுத்தார், என் விரல்ல பாதி மாவாச்சு, நுனியில குறுணை மாதிரி கெட்டியா நெருடுச்சு, அப்படின்னா இன்னும் ஆகல. சீக்கிரம் எடுத்தா மாவு இளகியிருக்காது, லேட்டா எடுத்தா நமக்கு வேண்டிய மாவைச் செடியே தின்னுடும். இதை எந்த மீட்டரும் அவ்ளோ சுலபமா சொல்லாது, விரல்தான் சொல்லும், அந்த விரலைப் பழக்கத்தான் அங்க போறோம்.

பீட்னா சதுப்பு நிலத்துலேர்ந்து வெட்டிக் காயவெச்சு எரிக்கிற மக்கின மண், அதைப் பத்தியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கு. சில விஸ்கியில வர்ற புகை வாசனை தண்ணியிலேர்ந்து வருதுன்னு பல பேர் நம்புறாங்க. சூளையில ஈர மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டின பார்லிக்கு, அடியில பீட் எரிக்கும்போது, அந்தப் புகை உமியில ஏறி ஒட்டிக்குதே, அதுதான் முக்கியம். மால்ட் ஈரமா இருக்கும்போதுதான் புகை நல்லா பிடிக்கும், காய்ஞ்சதுக்கு அப்புறம் எவ்ளோ எரிச்சும் பெரிசா பிரயோஜனம் இல்ல. அப்புறம் இத்தனை பிபிஎம்னு (பத்து லட்சத்துல இத்தனை பங்குன்னு) ஒரு கணக்கு சொல்லுவாங்க, அது பொதுவா மால்ட்டுல இருக்கிற ஃபீனால், அதாவது புகை வாசனை தர்ற பொருளோட அளவு, கிளாஸ்ல இருக்கிறது அதைவிட ரொம்பக் குறைவு, வழியில பாதிக்கு மேல போயிடும். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு நோட்டுல எழுதிக்காதீங்க.

மால்ட் அரைக்கிற இடத்துல அதிக நேரம் இருக்க மாட்டீங்க. உமி 20, குறுணை 70, மாவு 10, ஏறக்குறைய இந்தக் கணக்கு. நைசா அரைச்சா நிறைய இனிப்பு இறங்கும்னு நினைக்காதீங்க, உமிதான் அங்க வடிகட்டி, மாவு ஜாஸ்தியானா மாஷ் டன்ல, அதாவது வெந்நீர் கலந்து வடிக்கிற தொட்டியில, அடைச்சுக்கிட்டு ஒரு சொட்டு இறங்காது.

அரைச்ச மால்ட்டை வெந்நீர்ல ஊறவைக்கிற மாஷ்ல பொறுமை இல்லாதவங்க மாட்டிப்பாங்க. முதல் தண்ணி மாவோட கலந்தப்புறம் 63, 64 டிகிரி இருக்கணும். இன்னும் கொஞ்சம் சூடா விட்டா சீக்கிரம் ஆகாதான்னு ஒருத்தர் கேட்டார், ஆகாது. மாவைச் சர்க்கரையா மாத்துற என்சைம் மால்ட்டுக்குள்ளயே இருக்கு, சூடு ஏறினா அது செத்துடும், போனா போனதுதான், ஏன்னா வெளியிலேர்ந்து என்சைம் வாங்கிப் போட ஸ்காட்ச்சுக்கு சட்டத்துல இடமே இல்ல, புளிக்க வைக்க ஈஸ்ட்டைத் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்து விடுற தண்ணிதான் சூடு ஜாஸ்தி, கடைசித் தண்ணி 80 டிகிரிக்கு மேல போகும், அதைக் கொட்ட மாட்டாங்க, அடுத்த மாஷுக்கு முதல் தண்ணியா எடுத்து வெச்சுப்பாங்க.

புளிக்க வைக்கிற இடத்துல ஒரு தப்பு உயிருக்கே ஆபத்து. வாஷ்பேக்னு பெரிய மரத்தொட்டி, நுரை பொங்கி மேல வர்றது பார்க்கவே அவ்ளோ அழகா இருக்கும், மூடியைத் திறந்ததும் தலையை உள்ள விட்டு மோந்து பார்க்கணும்னு தோணும். விடாதீங்க. உள்ள கார்பன் டை ஆக்சைடு நிறைஞ்சு கிடக்கும், ஒரே மூச்சுல மூக்கு எரிஞ்சு தலை சுத்திடும், தடுமாறி உள்ள விழுந்தா அவ்ளோதான். தள்ளி நின்னு கையால காத்தை விசிறி மோந்து பார்த்தாலே போதும். இன்னொண்ணு, நுரை அடங்கினதும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறது. ரெண்டு நாள்ல ஆல்கஹால் வேலை முடிஞ்சிடும், ஏழு எட்டு சதவீதம் வந்திருக்கும், ஆனா அதுக்கு அப்புறமும் விட்டு வெச்சா லாக்டிக் பாக்டீரியா வேலையை எடுத்துக்கும், இட்லி மாவைப் புளிக்க வைக்கிற அதே வகையறா. அப்பத்தான் பழ வாசனை எல்லாம் ஏறும். நூறு மணி நேரம் தாண்டி விட்டு வைக்கிற டிஸ்டில்லரியும் இருக்கு. 50 மணி நேரத் தொட்டியையும் 90 மணி நேரத் தொட்டியையும் பக்கத்துல பக்கத்துல மோந்து பார்க்க வாய்ப்பு கிடைச்சா விட்டுடாதீங்க, எனக்கு முதல்ல வந்தது பிரெட் வாசம், ரெண்டாவதுல பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு புளிப்பு.

இப்ப ஸ்டில்லுக்கு வருவோம். முதல் வடிப்புல வாஷ், அதாவது தொட்டியில புளிச்ச தண்ணி, பொங்கும், பால் காய்ச்சுற மாதிரிதான், ஸ்டில் கழுத்துல இருக்கிற கண்ணாடியில நுரை ஏறுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும், பேச்சு சுவாரசியத்துல கண்ணை எடுத்தா நுரை மேல தாண்டிப் போயிடும். அவசரமா வடிச்சா ஆவி செம்புல படுற நேரம் குறையும், கந்தக வாசனையை எடுக்கிறது அந்தச் செம்புதான்.

ரெண்டாவது வடிப்புல முதல்ல வர்றதையும் கடைசியில வர்றதையும் தள்ளிட்டு நடுவுல வர்றதை மட்டும் எடுப்பாங்க. இங்க எல்லாரும் நம்பரைப் பிடிச்சுத் தொங்குவாங்க, எத்தனை சதவீதத்துல ஆரம்பிக்கணும், எத்தனையில நிறுத்தணும்னு. ஆல்கஹால் அளக்கிற ஹைட்ரோமீட்டர் காட்டுற நம்பர் சூட்டுக்குத் தகுந்த மாதிரி மாறும், பக்கத்துல தெர்மாமீட்டரைப் பார்த்து 20 டிகிரிக்குக் கணக்கு மாத்தாம எழுதினா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல, என் முதல் நாள் நோட்டு முழுக்க அப்படித்தான் வீணாப் போச்சு. நம்பரைவிட எனக்கு மனசுல நின்னது தண்ணி டெஸ்ட்தான். பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி ஸ்பிரிட் சேஃப், பூட்டி இருக்கும், உள்ள கை விட முடியாது, வெளிய இருக்கிற கைப்பிடியைத் திருப்பித்தான் எல்லாம். வடிஞ்சு வர்ற ஸ்பிரிட்ல கொஞ்சம் ஜாடியில பிடிச்சு தண்ணி சேர்த்தா பன்னீர் சோடாவுல ஒரு சொட்டு பால் விட்ட மாதிரி கலங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பிடிச்சா கலங்கல் குறையுது. இன்னும் கொஞ்ச நேரத்துல தெளிவா நிக்குது, உடனே ஸ்டில்லைப் பார்த்துக்கிற ஸ்டில்மேன் நடுவுல வர்றதை எடுக்கக் கைப்பிடியைத் திருப்பிட்டார். பாகு வைக்கிறவங்களுக்குக் கம்பிப் பதம் எப்படியோ அதே மாதிரி.

முதல்ல வர்றதைத் தள்ளுறது மெத்தனால் விஷத்தை எடுக்கத்தான்னு நம்ம ஆளுங்க அடிச்சு சொல்லுவாங்க. தப்பு. மெத்தனால் முக்கியமா பழத்துல இருக்கிற பெக்டின்லேர்ந்து வரும், பார்லி மால்ட்ல அது ரொம்பக் கம்மி, அதோட அது முதல்ல மட்டும் வந்து ஒழுங்கா பிரிஞ்சும் போகாது. கள்ளக்குறிச்சியில 2024 ஜூன்ல 60 பேருக்கு மேல செத்தாங்களே, அது மெத்தனாலையே கலந்த சாராயம். அதனால முதல் சொட்டைத் தள்ளிட்டா பாதுகாப்புன்னு நம்பி, கோர்ஸ் முடிச்ச தைரியத்துல வீட்டுல குக்கரையும் குழாயையும் வெச்சு ஆரம்பிச்சுடாதீங்க, பிரிட்டன்லயே லைசென்ஸ் இல்லாம வடிச்சா குற்றம், நம்ம ஊர்ல சொல்லவே வேண்டாம்.

ஒரு இடத்துல பார்த்ததை எல்லா இடத்துக்கும் பொருத்துறதும் தப்பு. ஸ்பிரிங்பேங்க்கையே எடுத்துக்குங்க, அங்க மூணு விஸ்கி செய்றாங்க, லாங்ரோ ரெண்டு தடவை வடிக்கிறது, ஹேசல்பர்ன் மூணு தடவை, ஸ்பிரிங்பேங்க் ரெண்டரை தடவை (ஒரு பகுதி மட்டும் கூட ஒரு தடவை), எல்லாம் ஒரே கூரைக்கு அடியில.

குடோன்ல பீப்பாய் மூடி எடுக்கச் சொல்லுவாங்க. மூடி மேலயே சுத்தியலால அடிச்சா அது உள்ள போயிடும், ரெண்டு பக்கமும் மரச்சட்டத்துல மாறி மாறித் தட்டினா மூடி தானா எகிறி மேல வரும். புது ஸ்பிரிட்டைத் தண்ணி சேர்த்து பொதுவா 63.5 சதவீதத்துக்குக் கொண்டு வந்து நிரப்புவாங்க. 700 லிட்டருக்கு மேல போகாத ஓக் பீப்பாய், ஸ்காட்லாந்துலயே குறைஞ்சது 3 வருஷம், அதுக்கு முன்னாடி அதை விஸ்கின்னே சொல்ல முடியாது. நிறத்தை வெச்சு வயசு சொல்லாதீங்க, கேரமல் கலர் சேர்க்க அனுமதி இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் போல ஆவியாப் போகும், அது அந்தக் குளிருக்கு. பெங்களூரு அம்ருத் டிஸ்டில்லரியில பத்து சதவீதத்துக்கு மேல போகுது, அதனால அங்க 12 வருஷம், இங்க 5 வருஷம்னு வயசை வெச்சு ஒப்பிடவே முடியாது.

கோர்ஸ் முடியிற உற்சாகத்துல யாரோ விக்கிற பீப்பாயை முதலீடுன்னு வாங்கிடாதீங்க. வெறும் சர்டிபிகேட் பத்தாது, பீப்பாய் எந்த குடோன்ல இருக்கோ அந்த குடோன்காரங்க கணக்குல உங்க பேர் ஏறணும். அப்புறம் சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே டிஸ்டில்லரியில பார்லி மால்ட்ல மட்டும் செஞ்ச விஸ்கியை, ஸ்காட்லாந்துலயேதான் பாட்டில்ல அடைக்கணும், 2012-லேர்ந்து அதுதான் சட்டம், பீப்பாயோட ஊருக்குக் கொண்டு வர்றதெல்லாம் நடக்காது.

சின்னச் சின்ன விஷயம் சில. சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க, உங்க மூக்கு மட்டும் இல்ல பக்கத்துல நிக்கிறவர் மூக்கும் போச்சு. ஸ்டில் ஹவுஸ்லயும் குடோன்லயும் போனை ஆஃப் பண்ணச் சொன்னா பண்ணிடுங்க, காத்துல ஆல்கஹால் ஆவி இருக்கிற இடம் அது. புது ஸ்பிரிட்டை வீரம் காட்டி மடக்குன்னு குடிச்சா நாக்கு அன்னிக்கு முழுக்க மரத்துடும், தண்ணி சேர்த்து 20 சதவீதம் போல இறக்கி மோந்து பாருங்க, விஸ்கி கலக்குற பிளெண்டர்களே அப்படித்தான் செய்றாங்க. கார் எடுத்துட்டுப் போறவங்க கவனம், ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்லேர்ந்து வண்டி ஓட்டுறவங்களுக்கு 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் வரைக்கும்தான் அனுமதி, இங்கிலாந்துல 80. ருசி பார்க்கக் குடுக்கிறதைச் சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுங்கன்னு கேட்டா நிறைய இடத்துல குடுப்பாங்க.

கடைசி நாள் எல்லாரும் கடைக்கு ஓடிடுவாங்க, பாட்டில் வாங்க. முடிஞ்சா அதுக்கு முன்னாடி ஒரு தடவை முளைகட்டுற தரைக்குப் போயிட்டு வாங்க. திங்கக்கிழமை நீங்க கிளறின அதே பார்லி வெள்ளிக்கிழமை சூளைக்குப் போற பக்குவத்துல இருக்கும். ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரல்ல தேய்ச்சுப் பாருங்க. எனக்கு அன்னிக்கு நுனி வரைக்கும் மாவா ஒட்டிச்சு, எங்கயும் நெருடல.