நிராகரிக்கப்பட்ட இயலாமை விடுப்பு: என் அனுபவம்

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து நான் அனுப்பிய குறுகிய கால இயலாமை விடுப்பு (உடல்நலக் குறைவால் சில காலம் வேலை செய்ய இயலாதபோது காப்பீட்டுப் பணத்துடன் எடுக்கும் விடுப்பு) விண்ணப்பத்தைக் காப்பீட்டு நிறுவனம் நிராகரித்தது. மருத்துவர் படிவத்தில் நோயின் பெயரையும் 'ஓய்வு தேவை' என்ற இரண்டே சொற்களையும் எழுதியிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தார் கேட்பதோ நோயின் பெயரை அன்று, அதனால் எந்த வேலையைச் செய்ய இயலாது என்பதைத்தான். என் பணி விவரத்தை அச்சிட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டிய பிறகு, 20 நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து உட்காரவோ 5 கிலோவுக்கு மேல் தூக்கவோ இயலாது என்றும், இந்நிலை எந்தத் தேதி வரை நீடிக்கும் என்றும் அவர் விரிவாக எழுதித் தந்தார். அதனை மேல்முறையீட்டுக் கெடுவுக்குள் அனுப்பினேன், ஒப்புதல் வந்தது. காத்திருப்புக் காலமான முதல் 7 நாட்களுக்குப் பணம் கிடையாது என்பதால், மீதமிருந்த நோய் விடுப்பை அந்நாட்களுக்கு எடுத்துக்கொண்டேன்.