பத்துத் தாள் ஆனதும் நிறுத்துங்கள்

நாவல் எழுதும் காலத்தில் ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுவார். மத்தியானம் 10 கிலோமீட்டர் ஓட்டம் அல்லது 1500 மீட்டர் நீச்சல். அப்புறம் புத்தகம், இசை. ஒன்பது மணிக்குத் தூக்கம். இதைப் படித்துவிட்டு நானும் நான்கு மணிக்கு அலாரம் வைத்தேன். எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போகிற எனக்கு அது ஒன்பது நாள்தான் தாங்கியது. அதனால் சொல்கிறேன், அவருடைய நேரத்தை விட்டுவிடுங்கள். அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் கதை எழுத 400 கட்டம் போட்ட தாள் உண்டு; கட்டத்துக்கு ஓர் எழுத்து. அந்தக் கணக்கில் அவருக்குத் தினம் பத்துத் தாள். எழுத்து ஓடாத நாளிலும் பத்தை முடிப்பார், எழுத்து ஓடுகிற நாளிலும் பத்தோடு நிறுத்துவார். இந்த நிறுத்துவதுதான் பெரிய பாடு. என் அளவு, கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம். கடைசிக் கோட்டுக்கு வரும்போது அடுத்த வரி தலைக்குள் தயாராக நிற்கும், கை துறுதுறுக்கும். நோட்டை மூடிவிடுகிறேன். மறுநாள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டே உட்காரலாம்.

இனி எழுத்து நடை. 1978-இல் எழுதத் தொடங்கியபோது அவர் டோக்கியோவில் ஜாஸ் பார் நடத்திக்கொண்டிருந்தார். இரவு கடையை முடித்துவிட்டு வந்து சமையலறை மேசையில் எழுதினார். எழுதியது அவருக்கே பிடிக்கவில்லை. ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரத்தை எடுத்து, தொடக்கப் பகுதியை ஆங்கிலத்தில் அடித்தார். தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், அதனால் வாக்கியம் தானாகவே சின்னதானது. அதைத் திரும்ப ஜப்பானிய மொழியில் எழுதியபோது அவருடைய நடை கிடைத்தது. அந்த நாவலுக்கு 1979-இல் குன்சோ பத்திரிகையின் புதுமுக எழுத்தாளர் பரிசு வந்தது.

நீங்களும் செய்து பாருங்கள். நான் முதலில் எழுதியிருந்தது இது: “அந்தி மயங்கும் வேளையில் சொல்லொணாத் துயரம் அவள் நெஞ்சைக் கவ்வியது.” என் ஆங்கிலத்தில் ‘சொல்லொணா’வும் இல்லை, ‘கவ்வியது’ம் இல்லை. அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. தமிழுக்குத் திரும்பி வந்தபோது இப்படி இருந்தது: “இருட்டிவிட்டது. அவள் விளக்கைப் போடவில்லை.” ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்தால் போதும், காது பழகிவிடும்.

கடைசியாக, முதல் வாசகர். முரகாமிக்கு அவருடைய மனைவி யோகோ. அவர் குறை சொன்ன இடத்தை, தனக்குச் சம்மதமில்லாவிட்டாலும், முரகாமி திருத்தியே தீருவார். சொன்ன மாதிரியே திருத்துவார் என்றில்லை, எதிர்ப்பக்கமாகவும் போவார். எனக்கு என் அக்கா. கதை எழுதாதவள், கையில் பென்சிலோடு படிப்பாள். அவள் சுழித்த இடத்தில் நான் வாதாடுவதில்லை. போன வாரம் ஒரு பத்தியை நீளம் என்றாள். நான் இன்னும் இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தேன். இந்தமுறை பென்சில் அங்கே நிற்கவில்லை.