குழந்தை வளர்ச்சிப் படிப்பில் சேருகிறீர்களா? ஒரு சீனியரின் குறிப்புகள்

ப்ளஸ் டூ முடித்த தங்கைகள் கேட்பதால் இதை எழுதுகிறேன். இந்தப் படிப்பு பெரும்பாலும் ஹோம் சயின்ஸுக்குள்தான் இருக்கும். கோவை அவினாசிலிங்கத்தில் ஹியூமன் டெவலப்மென்ட், பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் ஹியூமன் டெவலப்மென்ட் அண்ட் ஃபேமிலி ஸ்டடீஸ் என்று தேடுங்கள். சேரும் முன் ஒன்றை விசாரியுங்கள்: வளாகத்திலேயே லேப் நர்சரி (மாணவிகள் கவனித்துப் படிப்பதற்கென்றே நடத்தும் மழலையர் பள்ளி) உண்டா? தினமும் குழந்தைகளைப் பார்க்க வழியில்லாத இடத்தில் இதைப் படிப்பது கஷ்டம்.

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயை மனப்பாடம் செய்யாதீர்கள். பத்துப் புளியங்கொட்டை போதும். நாலு வயதுக் குழந்தை முன் ஐந்தைந்தாக இரண்டு வரிசை வையுங்கள். சமம் என்று அது ஒப்புக்கொண்ட பிறகு, அதன் கண்முன்னே ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்து, “இப்ப எதுல நெறைய இருக்கு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் நீளமான வரிசையைத்தான் காட்டும். ஏழு வயது அண்ணன் “எல்லாம் ஒண்ணுதான், தள்ளித்தானே வெச்சீங்க” என்பான். முக்கியமானது அடுத்த கேள்வி: “ஏன்?” பதிலைத் திருத்தாமல், குழந்தை சொன்னபடியே எழுதுங்கள்.

அப்சர்வேஷன் ரெக்கார்டுதான் இந்தப் படிப்பின் உயிர். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நேரமும் கண்டதும் கேட்டதும், வலப்பக்கம் உங்கள் ஊகம். “கோபமாக இருந்தான்” என்பது ஊகம். “கட்டையைத் தள்ளினான், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், ‘நீ வேணாம் போ’ என்றான்” என்பதே இடப்பக்கத்துக்குரியது. பத்து நிமிடம் இப்படி எழுதிப் பாருங்கள், கை வலிக்கும். அங்கன்வாடியில் நான் விரும்புவது சாப்பாட்டு நேரம். யார் தானே பிசைந்து சாப்பிடுகிறது, யார் ஊட்டக் காத்திருக்கிறது, பக்கத்துத் தட்டு முட்டையை யார் பார்க்கிறது என எல்லாம் தெரியும். தரையில் உட்காருங்கள். துறை மூலம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். உண்மைப் பெயர் எழுதாதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள்.

வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள். 32 வாரத்தில், அதாவது நாற்பது வாரக் கணக்குக்கு எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த பத்து மாதக் குழந்தையை வளர்ச்சிக் கணக்கில் எட்டு மாதமாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழித்தல் உண்டு. இதை விட்டுவிட்டு “பின்தங்கியிருக்கிறது” என்று ஒரு தாயிடம் சொன்னால் அவர் தூக்கமே போய்விடும். திருவனந்தபுரம் ஸ்க்ரீனிங் சார்ட் (எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று காட்டும் அட்டவணை) போன்றவை சந்தேகத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. நோய் என்று முடிவு சொல்வது டாக்டர் வேலை.

வீடுகளுக்குப் போகும்போது கேள்வித்தாளை முதலில் நீட்டாதீர்கள். “பாப்பாவை யார் பார்த்துக்கறாங்க?” என்றால் “நாந்தான்” என்று முடிந்துவிடும். “நேத்துக் காலைல எந்திரிச்சதுல இருந்து பாப்பா என்னென்ன பண்ணுச்சு, சொல்லுங்கக்கா” என்று கேளுங்கள். குளிப்பாட்டியது அம்மாயி, சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொண்ணு, பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து அப்பா வரும்போது குழந்தை தூங்கியாச்சு என்று குடும்பமே விரியும். குழந்தையைச் சுற்றிக் குடும்பம், அக்கம்பக்கம், சமூகம் என்று உளவியலாளர் பிரான்ஃபென்பிரென்னர் வரைந்த வட்டங்கள் பாடத்தில் புரியாதவர்களுக்கு இங்கே புரிந்துவிடும்.

களத்துக்குப் போகும் முன் 2012 போக்சோ சட்டத்தைப் படித்தாக வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பதாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கடமை, மாணவி என்பதால் விலக்கு இல்லை. குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டு உடனே பேராசிரியரிடம் போய், அவர் துணையோடு காவல்துறைக்குத் தெரிவியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எப்போதும் கையில் இருக்கட்டும்.

வேலையைப் பொறுத்தவரை: சிறப்புக் கல்வி ஆசிரியராக வேண்டும் என்றால் இந்தப் பட்டம் மட்டும் போதாது. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். இதைக் கடைசி வருடம் தொடங்கும்போதே முடிவு செய்துவிட்டால் விண்ணப்பத் தேதியைத் தவறவிட மாட்டீர்கள்.