காலிப் பெட்டி: வைப்பதா, போடுவதா?

புதுப் பொருள் வந்ததும் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடியும் வரையாவது இருக்கட்டும். அதன்பின் மிக்சி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றின் அட்டைகளைத் தயங்காமல் போடலாம். வரிசை எண் அச்சிட்ட பகுதியை மட்டும் வெட்டி ரசீதோடு வையுங்கள்.

டிவி விஷயம் வேறு. வீடு மாறும்போது அந்த மெல்லிய திரையை நிமிர்த்தி, அசையாமல் பிடித்துக்கொள்ள, அதற்கென்றே வார்த்த தெர்மோகோல் துண்டுகளுக்கு ஈடாக எதுவும் கிடைக்காது. இடமிருந்தால் பெட்டியோடு அவசியம் வைத்திருங்கள்.

வாஷிங் மெஷினுக்குப் பெட்டி வேண்டாம். ஆனால் முன்பக்கக் கதவுள்ள மெஷினின் பின்புறத்தில், பொருத்தும்போது கழற்றிய போல்ட்டுகளைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த முறை ஏற்றி இறக்கும்போது டிரம் ஆடாமல் காப்பவை அவைதான்.

வைத்திருக்கும் அட்டை எதுவானாலும் ஈரம் படக்கூடாது. நனைந்த அட்டையில் பூஞ்சையும் கரப்பானும் சீக்கிரம் குடியேறிவிடும்.