மூதி: ஒரு வசவின் வேரைப் பிடிப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவனை, "ஏல மூதி, எந்திரில" என்பார்கள். இந்தச் சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் எடுத்ததும் அகராதியைத் திறக்க வேண்டாம். யார் யாரிடம், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று ஐந்தாறு வாக்கியங்களை எழுதி வையுங்கள். "மூஞ்சில மூதேவி தாண்டவமாடுது" என்பதும் அதில் வந்து விழும். பாதி வேலை அங்கேயே முடிந்தது; மூதேவி தேய்ந்துதான் மூதி. பெண் தெய்வத்தின் பெயர் என்றாலும் ஆண்களைத்தான் அதிகம் திட்டுகிறோம். கூட்டாளியிடம் சொன்னால் செல்லம்.

அடுத்து மூதேவியைப் பிரிக்க வேண்டும். வழுக்குகிற இடம் இதுதான். மூவேந்தர், மூவர் நினைப்பில் 'மூன்று தேவி' என்று பிரித்துவிடுவார்கள். தப்பு. மூப்பு, மூத்தாள் என்பதில் உள்ள 'மூ' இது, திருமகளுக்கு மூத்தவள். சரிபார்க்க, அதே தெய்வத்தின் மற்றப் பெயர்களைப் பக்கத்தில் வையுங்கள். குறள் 167 'செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்' என்கிறது. செய்யவள் திருமகள்; தவ்வை என்றால் தமக்கை. வடமொழியில் ஜ்யேஷ்டா, அதுவும் மூத்தவளே. ஒலியில் ஒட்டாத மூன்று பெயர்கள் ஒரே பொருள் தருவதால் இந்தப் பிரிப்பை நம்பலாம்.

இன்னொரு பள்ளமும் உண்டு. ஜ்யேஷ்டா தமிழில் 'சேட்டை' ஆகும். பிள்ளைகள் பண்ணுகிற சேட்டை வேறு, அது சேஷ்டா என்ற வடசொல்லிலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924-1936, 6 தொகுதிகள்) இப்படிப்பட்ட சொற்களை எண் போட்டுத் தனித்தனியாகக் கொடுக்கும். அந்த எண்ணையும் சேர்த்துக் குறிக்காவிட்டால் இரண்டும் குழம்பும்.

தெய்வத்தின் பெயர் சுபாவத்துக்கு எப்படி வந்தது? குறள் 617 பாருங்கள்: 'மடியுளாள் மாமுகடி'. முகடியும் இவள்தான். மடி என்றால் சோம்பல்; அதில் அவள் குடியிருக்கிறாள். குடியிருப்பவள் பெயரையே வீட்டுக்காரனுக்கும் வைத்துவிட்டோம்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒன்று. மனச்சோர்வைக் குறிக்கும் மெலன்கலி (melancholy) என்ற சொல்லுக்கு மூதி என்று போடாதீர்கள். அது கிரேக்கத்தில் மெலாஸ், கோலே: கரும்பித்தம். உடம்பில் அது மிகுந்தால் மனம் இருண்டுவிடும் என்பது அவர்களுடைய பழைய வைத்தியக் கணக்கு. நம் பேச்சில் பித்தம் தலைக்கேறினால் பித்துதான் பிடிக்கும். மெலன்கலிக்கு 'ஆறாத சோர்வு' என்று எழுதலாம். மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவனுக்கு உம்மணாமூஞ்சி போதும்.