டி அண்ட் டி ஆட்டத்தில் வேறு உலகத்துக்கு வாசல் வைப்பது எப்படி

டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தில், டி.எம். ஆக (கதையை நடத்துபவராக) உட்காரும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும்: பிளேயர்களை அப்படியே தூக்கி வேறொரு உலகத்தில் போட வேண்டும். உடனே நடுக்காட்டில் நீலமாக மின்னும் ஒரு வட்டத்தை வைத்துவிடுவார்கள். பிளேயர்களும் "சரி, உள்ளே போறோம்" என்பார்கள். அவ்வளவுதான், முடிந்தது. இதில் விளையாட என்ன இருக்கிறது?

முதலில் ஒரு கணக்கு. பிளேயர்களே ஸ்பெல் (மந்திரம்) போட்டு உலகம் தாண்ட வேண்டும் என்றால் ரொம்ப நாள் ஆகும். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் உலகம் தாண்ட உதவும் பிளேன் ஷிஃப்ட் 7ஆம் லெவல் ஸ்பெல், விஸர்டோ (மந்திரவாதி) கிளெரிக்கோ (பூசாரி) கேரக்டர் லெவலில் 13ஐத் தொட்டால்தான் கைக்கு வரும், அதற்கும் போகப்போகும் உலகத்துக்கென்றே செய்த, குறைந்தது 250 தங்கக் காசு பெறுமான கவட்டை உலோகக் கோல் ஒன்று வேண்டும். (அந்தக் கோல் எங்கே கிடைக்கும் என்பது உங்கள் கையில், மறந்துவிடாதீர்கள்.) வாசல் திறக்கும் 'கேட்' (Gate) என்ற ஸ்பெல் இன்னும் மேலே, 9ஆம் லெவல், 5,000 தங்கக் காசு பெறுமான வைரம் வேண்டும், வாசல் 5 முதல் 20 அடி விட்டத்தில் அதிகபட்சம் ஒரு நிமிடம் திறந்திருக்கும். ஆக, 3ஆம் லெவல் கேரக்டர்களுக்கு நீங்கள் வைக்கும் வாசலைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் அதை உருப்படியாக வையுங்கள்.

திருட வேண்டிய யோசனை 1994இல் வந்த பிளேன்ஸ்கேப் என்ற டி அண்ட் டி கதையுலகில் இருக்கிறது. அதில் வரும் சிகில் என்ற நகரத்தில், சுற்றிலும் விளிம்பு உள்ள எந்தத் திறப்பும் போர்ட்டலாக (வேறு உலகத்துக்கான வாசலாக) இருக்கலாம்: கதவு, ஜன்னல், வளைவு, பீப்பாய் வளையம்கூட. பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும், அதற்குரிய சாவி இருந்தால் மட்டுமே திறக்கும். அந்தச் சாவி இரும்பில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பொருள், ஒரு சொல், ஒரு சைகை, மனதில் ஓடும் ஒரு நினைப்பு, எதுவானாலும் சரி.

சாவியில்தான் நேரம் செலவிடுங்கள். என் அளவுகோல் ஒன்றுதான்: யாரோ ஒருவர் தெரியாத்தனமாக அதைச் செய்து மாட்டிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு சத்திரத்தின் நிலவறையில் கல் வளைவு. அணைந்த மெழுகுவர்த்தித் துண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தால் ஃபேவைல்டில் (மாயத் தேவதைகளின் உலகில்) போய் நிற்பீர்கள். சத்திரத்துப் பையன் போன வாரம் கீழே போனவன் திரும்பவில்லை. பிளேயர்கள் இறங்கிப் பார்க்கும்போது மின்னல், ஒளி எதுவும் வேண்டாம். தரையில் மாவு கொட்டிக் கிடக்கிறது, அதில் எலியின் கால்தடம் வளைவு வரை போகிறது, கடைசித் தடம் பாதிதான் பதிந்திருக்கிறது, கோடை நடுவில் ஈர இலை வாசம் வருகிறது. இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மீதியை அவர்களே கிளறுவார்கள். மந்திரத்தைக் கண்டறியும் டிடெக்ட் மேஜிக் ஸ்பெல்லைப் போட்டால் வளைவில் மந்திரம் இருப்பது தெரியட்டும், சாவி என்னவென்று மட்டும் தெரிய வேண்டாம். படியில் உருகிய மெழுகு, காணாமல் போனவன் இடதுகைக்காரன் என்று அடுப்படிக் கிழவி சொல்வது, இப்படி இரண்டு மூன்று துப்பு தனித்தனி இடங்களில் கிடக்கட்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

அப்புறம் திரும்பி வருவது. அந்தப் பக்கத்துச் சாவி வேறாக இருக்கட்டும், ஆனால் அதற்கான துப்பு வாசலிலிருந்து ஒரு நாள் நடையில் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மொத்த கேம்பெயினும் (தொடர்கதையும்) அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஃபேவைல்டில் நேரம் ஏறுமாறாக ஓடுவதற்கு 2014 டி.எம். வழிகாட்டியில் ஒரு விருப்ப விதி உண்டு: திரும்பியதும் 20 முகப் பகடை, 1 அல்லது 2 விழுந்தால் நாட்கள் நிமிடங்களாகும், 20 விழுந்தால் வருடங்களாகிவிடும். அதை மேசையில் எல்லோர் முன்னாலும் உருட்டாதீர்கள். செஷனுக்கு (ஆட்ட அமர்வுக்கு) முன்பே வீட்டில் உருட்டிவிடுங்கள், ஏனென்றால் 20 விழுந்தால் சத்திரக்காரர் செத்துப்போய் அவர் மகள் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள், அதையெல்லாம் யோசித்து வைக்க வேண்டும்.

வாசலை நிரந்தரமாகத் திறந்து விடாதீர்கள். விட்டால் அடுத்த வாரமே கோவேறு கழுதை கட்டி வியாபாரம் ஆரம்பிப்பார்கள். சாவி வைத்திருப்பவர் வளைவுக்குள் நிற்கும் வரைதான் திறந்திருக்கும், அவர் கடைசியாகத்தான் தாண்ட முடியும் என்று வையுங்கள். அந்த ஆள் யார் என்ற சண்டையே அரை மணி நேரம் ஓடும், நீங்கள் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வரலாம்.